குழந்தைகளுக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டப் பழைய நல்ல புத்தகங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே சொல்வதெல்லாம் பெரியவர் ஒருவர் படிக்க, குழந்தை கேட்கிற புத்தகங்களைப் பற்றி மட்டும். குழந்தை தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிற புத்தகத்துக்கு அளவுகோல் வேறு. அங்கே கண்ணுக்கு எளிதாக இருக்க வேண்டும்; இங்கே காதுக்கு இனிதாக இருக்க வேண்டும்.

எந்த வயதில் தொடங்கலாம்? எப்போது நிறுத்தலாம்?

மடியில் உட்காரும் வயது வந்தால் போதும். ஒன்றரை, இரண்டு வயதில் கதை பிடிபடாது, தாளம் பிடிபடும். அதனால் முதல் புத்தகம் பாட்டுப் புத்தகமாக இருக்கட்டும்.

பிள்ளை தானாகப் படிக்கக் கற்றுக்கொண்டதும் பெரும்பாலான வீடுகளில் படித்துக்காட்டுவது நின்றுவிடுகிறது. நிறுத்தக் கூடாத நேரம் அதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தட்டுத்தடுமாறிப் படிக்கிற பக்கத்தைவிடப் பல மடங்கு கடினமான கதையைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும். படிக்கும் திறன் கேட்கும் திறனை எட்டிப்பிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரை தொடருங்கள்.

கடையில் நின்றபடியே ஒரு புத்தகத்தை எப்படி எடைபோடுவது?

முதல் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் பக்கம் எல்லாருக்கும் கொஞ்சம் நன்றாகத்தான் வரும். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, உதடு அசைய, மெல்லிய குரலில் வாசித்துப் பாருங்கள். ஒரு வாக்கியம் முடிவதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினால் அந்த நடை படித்துக்காட்ட ஆகாது. "வழங்கப்பட்டது", "காணப்படுகின்றது", "மேற்கொள்ளப்பட்டது" என்று வரிக்கு வரி வந்தால் கீழே வைத்துவிடுங்கள். பக்கத்துக்கு இரண்டு இடத்திலாவது யாராவது வாய்திறந்து பேச வேண்டும். பேச்சு இல்லாத பக்கத்தை எவ்வளவு நன்றாகப் படித்தாலும் ஆறு வயதுப் பிள்ளை எழுந்து ஓடிவிடும்.

அடுத்து, பொருள்களுக்குப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். "ஒரு மரத்தில் ஒரு பறவை இருந்தது" என்று எழுதுபவருக்கும் "நாவல் மரத்துப் பொந்தில் ஒரு கிளி இருந்தது" என்று எழுதுபவருக்கும் தூரம் அதிகம். இரண்டாமவர் கதையைக் கண்ணால் பார்த்து எழுதியவர்.

பிறகு பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கம். மொழிபெயர்ப்பு நூலில் மொழிபெயர்ப்பாளர் பெயரே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். "சுருக்கம்", "தழுவல்", "சிறுவர்களுக்காக எளிமையாக்கப்பட்டது" என்று சிறு எழுத்தில் எங்காவது இருக்கும். அது இருப்பதே குற்றம் இல்லை, தெரிந்து வாங்குங்கள். ஒரே பக்கத்தில் மூன்று எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் அந்தப் பதிப்பை விட்டுவிட்டு, அதே நூலின் வேறு பதிப்பைத் தேடுங்கள். குறிப்பாக ர/ற, ல/ழ/ள பிழைகள் மலிந்த பதிப்பு வேண்டவே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிற பிள்ளையின் மனத்தில் தப்பு எழுத்து பதிந்துவிடும்.

கடைசியாகக் கட்டு. புத்தகத்தை நடுவில் விரித்து மேசைமேல் வையுங்கள். கை எடுத்ததும் படாரென்று மூடிக்கொள்வது பசை மட்டும் போட்ட கட்டு. தினமும் இரவு விரித்தால் சில மாதங்களில் தாள் உதிரும். நூலால் தைத்த கட்டு கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் எடுங்கள். படித்துக்காட்டும் புத்தகத்தை ஒரே வீட்டில் இருபது முப்பது முறை விரிப்பார்கள்.

பழைய நூல் என்றாலே நல்ல நூலா?

இல்லை. பழைய நூலில் ஒரு வசதி உண்டு: மூன்று தலைமுறையாகப் பிள்ளைகள் கேட்டு, மறுபடி கேட்டு, சலிக்காமல் நின்றது எது என்பது தெரிந்துவிட்டது. புதிய நூலுக்கு அந்தச் சல்லடை இன்னும் நடக்கவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு. பழைய குப்பையும் நிறைய உண்டு.

பாட்டுப் புத்தகத்தில் யாரிடமிருந்து தொடங்குவது?

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. "தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு – அங்கே துள்ளிக் குதிக்குது கன்றுக்குட்டி" என்ற வரியை இரண்டு வயதுக் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். "வெள்ளைப்பசு" என்று நீங்கள் நிறுத்தினால், நான்காம் நாள் "கன்னுக்குட்டி" என்று பதில் வரும். அந்தப் பாட்டின் ஒவ்வொரு அடியும் பசுவில் நின்று கன்றில் முடிகிறது. அதனால் பாதி உங்களுக்கு, பாதி குழந்தைக்கு. கறவை மாடு கட்டியிருக்கிற வீட்டில் இந்தப் பாட்டுக்குப் படமே தேவையில்லை.

அடுத்து அழ. வள்ளியப்பா (1922–1989). 'மலரும் உள்ளம்' அவருடைய பெரிய தொகுப்பு. மூன்று வயது முதல் எட்டு வயதுவரை ஒரே நூல் போதும். சின்னப் பிள்ளைக்கு எட்டு வரிப் பாட்டு, பெரிய பிள்ளைக்குக் கதைப்பாட்டு என்று எடுத்துக்கொள்ளலாம். பாரதியின் 'பாப்பா பாட்டு' பள்ளியில் எப்படியும் வரும். பள்ளியில் மனப்பாடமாக வருவதற்கு முன்னால் வீட்டில் பாட்டாக வந்துவிட்டால் நல்லது.

ஆத்திசூடி கதை கேட்கும் நேரத்துக்கானது அல்ல. ஓர் இரவுக்கு ஒரு வரி, விளக்கை அணைக்கும் முன் சொல்லிவிட்டுப் போகலாம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கதை கட்டி விளக்கும் புத்தகங்கள் சந்தையில் ஏராளம். பெரும்பாலானவற்றில் வரி நிற்கும், கதை நிற்காது.

பஞ்சதந்திரம் வாங்கலாமா? அதில் ஏமாற்றும் சூதும்தானே இருக்கிறது?

வாங்கலாம், ஆனால் எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்பது முக்கியம். ஐந்து தந்திரங்களில் முதலாவது மித்திரபேதம், அதாவது நண்பரைப் பிரித்தல். அதில் பிங்களகன் என்ற சிங்கத்துக்கும் சஞ்சீவகன் என்ற எருதுக்கும் இடையே தமனகன் என்ற நரி கோள்மூட்டுகிறது. முடிவில் எருது சாகிறது. நரி நன்றாக இருக்கிறது. "அந்த நரிக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று பிள்ளை கேட்கும். ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் மூலம். இதை ஒன்பது, பத்து வயதில் படித்தால் நல்ல பேச்சு பிறக்கும். ஐந்து வயதில் படித்தால் அழுகைதான் மிஞ்சும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டாம் தந்திரத்தில் தொடங்குங்கள். சுகிர்லாபம் என்றோ மித்திரலாபம் என்றோ அச்சிட்டிருப்பார்கள். நட்பைப் பெறுதல் என்று பொருள். வலையோடு சேர்ந்து பறக்கும் புறாக்கள், வலையைக் கடிக்கும் எலி, காகம், ஆமை, மான் என்று ஒருவரை ஒருவர் காப்பாற்றும் கதை. தொடர்கதையாக ஏழெட்டு இரவு ஓடும்.

கதை முடிவில் கட்டம்கட்டி "நீதி:" என்று போட்டிருந்தால் அதைப் படிக்காமல் விடுங்கள். கதை காதில் இருக்கும்போதே புத்தகத்தை மூடுவது நல்லது. பிள்ளை தானாக ஒன்றைச் சொல்லும். அது அச்சிட்ட நீதியிலிருந்து வேறாக இருந்தால் திருத்த வேண்டியதில்லை.

சிரிக்க வைக்கிற பழைய கதை எது?

வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய பரமார்த்த குரு கதைதான். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் தோய்த்துப் பார்க்கும் சீடன், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்குவது, தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணி "ஒருவன் குறைகிறான்" என்று அழுவது எல்லாம் ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்படியே பிடிக்கும். மூல உரைநடை இன்றைய காதுக்குக் கரடுமுரடு. ஆகவே இங்கே மட்டும் மறுகூறலே மேல். குருவின் சாவோடு கதை முடிகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அதற்கு முந்தைய கதையிலேயே நிறுத்திவிடலாம்.

தெனாலிராமன், மரியாதை ராமன் மலிவுப் பதிப்புகளில் சாதிப் பெயர் சொல்லிக் கேலி செய்வதும், ஊனத்தைக் கேலி செய்வதும் நுழைந்திருக்கும். முழுவதும் நீங்கள் ஒருமுறை படித்துவிட்டுக் கொடுங்கள்.

வேதாளம் சொல்லும் கதைகளை இப்படிப் படியுங்கள்: வேதாளம் கேள்வி கேட்டதும் புத்தகத்தை மூடுங்கள். விக்கிரமாதித்தன் பதிலை நாளைக்கு. அந்த ஒரு நாள் வீட்டில் நடக்கும் வாதம்தான் அந்தக் கதையின் பயன். ஆனால் அவற்றில் பல, கணவன் மனைவி விவகாரம். தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும்.

பாரதமும் இராமாயணமும் யார் எழுதியதை வாங்குவது?

முதலில் ராஜாஜி. 'வியாசர் விருந்து', 'சக்கரவர்த்தித் திருமகன்' இரண்டும் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தவை. அதனால் அத்தியாயங்கள் சிறியவை, கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒவ்வொன்றும் ஓரிடத்தில் நின்று முடியும். படித்துக்காட்ட இதைவிட வசதி கிடையாது. 'வியாசர் விருந்து' நூறு அத்தியாயத்தைத் தாண்டும்; வாரத்துக்கு ஐந்து இரவு, இரவுக்கு ஓர் அத்தியாயம் என்றால் சுமார் ஐந்து மாதம். 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. அவர் பிறந்த தொரப்பள்ளி ஓசூர் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே நினைவு இல்லமும் உண்டு. புத்தகத்தைப் பாதி முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிப் போனால் "இவர்தான் நம்ம கதையை எழுதினவரா" என்று பார்க்கும்.

எட்டு வயதுக்கு முன் பாரதத்தை முதலிலிருந்து எடுக்க வேண்டாம். தொடக்கத்தில் யார் யாருக்குப் பிள்ளை என்பதே பெரிய சிக்கல். அரக்கு மாளிகை, பகாசுரன், பீமனும் அனுமனும், நச்சுப்பொய்கை என்று தனித்தனியாக நிற்கிற அத்தியாயங்களை முதலில் படியுங்கள். இந்த நான்கில் ஆட்கள் பழகிவிட்டால், பிறகு முதல் அத்தியாயத்திலிருந்து ஓட்டலாம். துகிலுரியும் சபையும், அசுவத்தாமன் இரவில் பாசறையில் நடத்தும் கொலையும் பத்து வயதுக்குப் பிறகு. 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலில் ஆங்காங்கே வால்மீகி இப்படிச் சொன்னார், கம்பர் அப்படிச் சொன்னார் என்று ஒப்பிடும் பத்திகள் வரும். முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டிப் போங்கள், மறுவாசிப்பில் படிக்கலாம்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பதும், இரவில் தெருக்கூத்தும், கடைசி நாள் துரியோதனன் படுகளமும் நடக்கின்றன. ஊரில் விழா வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் புத்தகத்தைத் தொடங்குங்கள். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகிற நாளில், எதற்காக ஏறுகிறான் என்று பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அப்போது ஒரு சிக்கல் வரும். கூத்தில் பார்த்ததும் புத்தகத்தில் படித்ததும் ஒத்துப்போகாது. போருக்கு முன் அர்ச்சுனன் மகன் அரவானைப் பலிகொடுக்கும் களப்பலி தமிழ்நாட்டுப் பாரதத்தில் உண்டு. வியாசரின் சம்ஸ்கிருத பாரதத்தில் அரவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையால் சாகிறான். "புத்தகம் தப்பு" என்றோ "கூத்து தப்பு" என்றோ சொல்லாதீர்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள் என்று சொன்னால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

தகடூர்க்காரர்கள் (தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர்) நாம். அதியமான், ஔவை பற்றிப் படித்துக்காட்ட என்ன இருக்கிறது?

நெல்லிக்கனிக் கதை எல்லாப் பாடநூலிலும் உண்டு. அதைத் தாண்டிப் புறநானூற்றுப் பாட்டையே படித்துக்காட்டலாம். சங்கப்பாட்டு குழந்தைக்குப் புரியாது என்று நினைக்க வேண்டாம். 95ஆம் பாட்டு மொத்தம் ஒன்பதே வரி. பத்து வயதுப் பிள்ளைக்கு இப்படிக் கொடுங்கள்.

முதலில் கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். அதியமானோடு போருக்கு நிற்கும் தொண்டைமானிடம் ஔவை தூது போகிறார். தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைப் பெருமையாகக் காட்டுகிறான். ஔவை பார்த்துவிட்டுப் பாடுகிறார். அடுத்து பாட்டை அப்படியே படியுங்கள். "இவ்வே" என்ற சொல் வரும்போது கையைப் பக்கத்தில் காட்டுங்கள். "அவ்வே" வரும்போது தூரத்தில் காட்டுங்கள். பாட்டு முழுவதும் அந்த இரண்டு சொல்லில் தொங்குகிறது: இந்த வேல்கள் இப்படி, அந்த வேல்கள் அப்படி.

இரண்டாம் முறை படிக்கும் முன் நான்கு சொல்லுக்கு மட்டும் பொருள் சொல்லுங்கள்: பீலி என்றால் மயில்தோகை, காழ் என்றால் வேலின் காம்பு, கோடு நுதி என்றால் முனை, கொல்துறை என்றால் கொல்லன் பட்டறை. மீதியை விட்டுவிடுங்கள். படித்து முடித்ததும் ஒரே கேள்வி: "யாரோட வேல் நல்ல வேல்?" முதலில் எல்லாப் பிள்ளையும் தொண்டைமான் வேல் என்றுதான் சொல்லும், மயில்தோகை கட்டி, மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளவென்று இருக்கிறதே. "அப்ப அதியமான் வேல் ஏன் முனை உடைஞ்சு பட்டறையில கிடக்குது?" என்று கேளுங்கள். கண் விரியும். அதற்குப் பிறகு "உண்டாயின் பதம் கொடுத்து, இல்லாயின் உடன் உண்ணும்" என்ற வரியை மட்டும் தனியாக ஒருமுறை படியுங்கள். இருந்தால் கொடுப்பான், இல்லையென்றால் இருப்பதைச் சேர்ந்து உண்பான். களி உருண்டையைப் பங்கிட்டுச் சாப்பிடும் வீட்டுப் பிள்ளைக்கு இதற்கு உரை வேண்டாம்.

92ஆம் பாட்டை நீங்கள் உங்களுக்காகப் படித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் மழலை யாழிசைக்கு ஒப்பாகாது, பொருளும் விளங்காது, ஆனாலும் தந்தைக்கு அருள் சுரக்கச் செய்கிறது என்று ஔவை அதியமானிடமே சொல்கிறார். ஒரு திருத்தம்: ஆத்திசூடி பாடிய ஔவை பல நூற்றாண்டுகள் பிந்தியவர். இருவரையும் ஒருவராக்கி எழுதிய சிறுவர் நூல்கள் நிறைய உள்ளன.

புத்தகத்தில் உள்ளபடியே படிக்க வேண்டுமா, பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்லலாமா?

நான்கு வயதுவரை மாற்றிச் சொல்லலாம். அதற்குப் பிறகு உள்ளபடியே படியுங்கள். "அஞ்சினான்", "வினவினாள்", "புறப்பட்டனர்" போன்ற சொற்களை வீட்டில் யாரும் பேசுவதில்லை. கதைக்குள் வைத்து நூறு முறை கேட்ட பிள்ளைக்குப் பாடப்புத்தகம் அயல்மொழியாகத் தெரியாது. புரியாது என்று தோன்றும் சொல்லுக்குப் பக்கத்திலேயே பேச்சுச் சொல்லைத் தாழ்ந்த குரலில் போட்டுவிட்டு நிற்காமல் போங்கள்: "அவன் அஞ்சினான், பயந்துட்டான், உடனே கதவைச் சாத்தினான்." நிறுத்தி "அஞ்சினான்னா என்ன தெரியுமா?" என்று கேட்டால் கதை அங்கேயே அறுந்துவிடும். இரண்டாம் முறை அதே சொல் வரும்போது பொருள் சொல்ல வேண்டியிருக்காது.

பழைய அளவுகள், பழைய எழுத்துகள் வருகின்றனவே?

நாழிகை 24 நிமிடம். ஜாமம் மூன்று மணி நேரம். பதினாறு அணா ஒரு ரூபாய். அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; படிக்கும்போது தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நூலகத்துப் பழைய பிரதிகளில் லை, னை, ணை, றா, ணா போன்ற 13 எழுத்துகள் பழைய வடிவில் இருக்கும். 1978இல்தான் அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்றது. பெரியவர் படித்துக்காட்ட இது தடையில்லை. பிள்ளை கேட்டால் இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

உலகப் புகழ்பெற்ற நூல்களின் தமிழ்ப் பதிப்புகள்?

எட்டு வயதுக்குமேல் 'டோட்டோ-சான்' (நேஷனல் புக் டிரஸ்ட் பதிப்பு), ஜப்பானியச் சிறுமி ஒருத்தியின் பள்ளிக் கதை. சிறு சிறு அத்தியாயங்கள், உண்மையில் நடந்தவை, ரயில் பெட்டிகளே வகுப்பறையான பள்ளி. அதில் இளம்பிள்ளைவாதம் வந்த நண்பன் ஒருவன் இறந்துபோகிறான். பள்ளி குண்டுவீச்சில் எரிகிறது. அந்த இரண்டு அத்தியாயங்களையும் தூங்கப் போகும் நேரத்தில் படிக்காமல் பகலில் படியுங்கள்.

'குட்டி இளவரசன்' 27 சிறு அத்தியாயங்கள். அதன் ஆசிரியரே வரைந்த படங்கள் இருக்கும் பதிப்பு வேண்டும். முதல் பக்கமே படத்தைப் பார்த்துப் பேசுவதுதான். டால்ஸ்டாய் தம் பள்ளிக் குழந்தைகளுக்காக எழுதிய குட்டிக் கதைகள் அரைப் பக்கம், ஒரு பக்கம்தான். களைப்பான இரவுகளுக்கு அவை.

சுருக்கப் பதிப்புகளில் எது போகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ராபின்சன் குரூசோ கதையின் சுவை, உடைந்த கப்பலிலிருந்து அவன் ஒவ்வொரு பொருளாகக் கரை சேர்ப்பதில் இருக்கிறது: ரொட்டி, அரிசி, தச்சன் பெட்டி, துப்பாக்கி, வெடிமருந்து. 60 பக்கச் சுருக்கத்தில் "தேவையான பொருள்களை எடுத்துக்கொண்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நிகழ்ச்சி மிஞ்சுகிறது, பிள்ளை வாய்பிளந்து கேட்கும் இடம் போய்விடுகிறது. எட்டு வயதில் சுருக்கத்தைக் கொடுத்துக் கதையைத் தீர்த்துவிடாமல், பன்னிரண்டு வயதுவரை காத்திருந்து முழு நூலைப் படிக்கலாம்.

'பொன்னியின் செல்வன்' எப்போது?

பதினொன்று, பன்னிரண்டு வயதில். ஐந்து பாகம், ஒரு வருடம் ஓடும். சினிமா பார்த்துவிட்டு எட்டு வயதில் கேட்டால் வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் வரும் முதல் அத்தியாயத்தை மட்டும் படித்துக்காட்டி, மிச்சத்தை எடுத்து வையுங்கள்.

பழைய நூல்களில் நிறம், சாதி, பெண்களைப் பற்றி இப்போது ஏற்க முடியாத வரிகள் வந்தால்?

ஒரு வரிதான் என்றால், சின்னப் பிள்ளைக்குப் படிக்கும்போது தாண்டிவிடுங்கள். கதையே அந்த இழிவின்மேல் கட்டப்பட்டிருந்தால் அந்தக் கதையை விடுங்கள். வேறு கதைக்குப் பஞ்சமில்லை. பத்து வயதுக்குமேல் தாண்ட வேண்டாம். அந்த வயதுப் பிள்ளையின் கண் பக்கத்தில் இருக்கும். நீங்கள் மறைத்தது தெரிந்தால் உங்கள் வாசிப்பின்மேல் நம்பிக்கை போகும். படித்துவிட்டு நிறுத்தி, "இது தப்பு, அந்தக் காலத்தில் இப்படி எழுதினார்கள்" என்று நேராகச் சொல்லுங்கள்.

வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம் பேசுகிறோம்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இது வழக்கமான கேள்வி. வாசிப்பு தமிழில், பேச்சு வீட்டு மொழியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தி முடிந்ததும் நடந்ததை ஒரு வரியில் வீட்டு மொழியில் சொல்லுங்கள். பாட்டி, அதாவது அவ்வாவோ அஜ்ஜியோ, அதே கதையைத் தன் மொழியில் சொன்னால் இன்னும் நல்லது. பஞ்சதந்திரம், பாரதம் எல்லாம் மூன்று மொழிக்கும் பொது.

எனக்கு ஷிப்ட் வேலை. அல்லது குழந்தை ஊரில், நான் பெங்களூரில்.

இரவில்தான் படிக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. பி ஷிப்ட் முடிந்து பதினொரு மணிக்கு வரும் அப்பா, காலையில் பிள்ளை சாப்பிடும் பத்து நிமிடத்தில் ஓர் அத்தியாயம் படிக்கலாம். வெளியூரில் இருப்பவர் ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை ஊரில் கொடுங்கள். ஓர் அத்தியாயத்தைக் குரல்பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பிள்ளை புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு கேட்கும். பக்கம் திருப்பும் இடத்தில் "பக்கத்தைத் திருப்பு" என்று சொல்ல மறக்காதீர்கள். படம் நிறைந்த நூல் இதற்கு ஒத்துவராது. தொடர் அத்தியாய நூல்தான் சரி.

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது என்றால், நான்காம் வகுப்புப் பிள்ளை ஆயாவுக்குப் படித்துக்காட்டட்டும். பாரதம் கூத்தில் பார்த்த ஆயா நடுநடுவே திருத்துவார். அந்த வீட்டில் புத்தகம் நிச்சயம் முடியும்.

எவ்வளவு நேரம்? எப்படிப் படிப்பது?

நான்கு வயதுவரை ஐந்து நிமிடம், ஏழு வயதுவரை பதினைந்து, அதற்குமேல் அரைமணிவரை. சாதாரண அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நிதானமாகப் படிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். இதை வைத்து எங்கே நிறுத்துவது என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் வேகமாகப் படிக்கிறார்கள்; முதல் குற்றம் அதுதான். ஆளுக்கொரு குரல் மாற்றிப் பேச வேண்டியதில்லை. பேச்சுக்கு முன் சின்ன இடைவெளி விட்டால் போதும். பிள்ளை கீழே உட்கார்ந்து வண்டி உருட்டிக்கொண்டே கேட்டால் கேட்கட்டும். முடிந்ததும் "கதையில் யார் யார் வந்தாங்க, சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் இருந்தால் மூத்த பிள்ளைக்கு ஏற்ற நூலை எடுத்து, தொடக்கத்தில் சிறிய பிள்ளைக்கு ஒரு பாட்டு.

எங்கே கிடைக்கும்?

மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம் இரண்டிலும் சிறுவர் பிரிவு உண்டு. வாங்கும் முன் அங்கே எடுத்து இரண்டு இரவு படித்துப் பாருங்கள். பிள்ளை மறுபடி கேட்டால் வாங்குங்கள். தருமபுரி, ஓசூர் புத்தகத் திருவிழாக்களில் தள்ளுபடியும் உண்டு, ஒரே நூலின் பல பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கும் வசதியும் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பெரியசாமித் தூரன் பொறுப்பில் வந்த பத்துத் தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் முழுவதும் இலவசம். சின்னப் பிள்ளைகளுக்கான தமிழ்ப் படக்கதைகள் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பள்ளி வாசிப்பு இயக்கத்தின் குட்டிப் புத்தகங்களையும் கேட்டு வாங்கி வாருங்கள்.

பாதியில் பிடிக்காமல் போனால்?

மூன்று இரவு பாருங்கள். மூன்றாம் இரவும் "அப்புறம்?" என்று கேட்கவில்லை என்றால் எடுத்து வையுங்கள்; திட்ட வேண்டாம், கெஞ்ச வேண்டாம். வைத்த தேதியை முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி, ஒரு வருடம் கழித்து மறுபடி எடுங்கள். நீங்களே கொட்டாவி விட்டுக்கொண்டு படிக்கிற புத்தகமாக இருந்தால் மூன்று இரவுகூட வேண்டாம், அன்றே மாற்றுங்கள்.